குளப்புரைக்குக் கணக்கு எழுதுவது எப்படி?

பழைய மலையாளத் தறவாட்டு வீடுகளில் குளத்தங்கரையை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கட்டடம் இருக்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார, துணி மாற்ற, மழைக்கு ஒதுங்க அது உதவும். குளப்புரை என்பார்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி, வேலந்தாவளம் என்று நீளும், கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் கிழக்குச் சித்தூர்ப் பக்கத்தில் எங்களுக்குத் தறவாடும் கிடையாது, குளமும் கிடையாது. தோட்டத்துத் தொட்டிதான். போர்வெல் தண்ணீர் விழுகிற அந்தத் தொட்டியில் குதித்துத்தான் எல்லோரும் நீச்சல் பழகினோம். துணி மாற்ற ஒரு தென்னை மரத்தின் மறைவு போதுமாக இருந்தது.

இப்போது கோயம்புத்தூரிலிருந்து வந்து தோட்டம் வாங்குகிறவர்கள் அதே தொட்டிக்கு ஓடு பதித்து, வடிகட்டி வைத்து, நீச்சல் குளமாக்கிவிடுகிறார்கள். அடுத்த விடுமுறைக்கு விருந்தாளிகள் வந்ததும் கரையில் ஓர் அறை தேவைப்படுகிறது. மேஸ்திரியிடம் ‘சதுர அடி என்ன விலை?’ என்று கேட்கிறார்கள். அங்கேதான் கணக்கு வழி தவறுகிறது.

என் நோட்டிலிருந்தே காட்டுகிறேன். 24 அடி நீளம், 10 அடி அகலம், 240 சதுர அடி. பத்தடி திண்ணை, எட்டடி உடை மாற்றும் அறையும் கழிப்பறையும், ஆறடி மோட்டார் அறை. சதுர அடி 2,200 ரூபாய் என்று பேசி 5,28,000 ரூபாயில் முடியும் என்று நம்பினேன். முடிந்தபோது 7,50,000. யாரும் ஏமாற்றவில்லை, விலையும் ஏறவில்லை. வித்தியாசமான 2,22,000 ரூபாய் முழுவதும் சதுர அடிக்குள் அடங்காத வேலைகளுக்குப் போனது: கரிசல் மண்ணைத் தோண்டிச் சரளை நிரப்ப 62,000, செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி 48,000, வீட்டிலிருந்து கேபிள், போர்டு, எர்த் 37,000, தொட்டியைச் சுற்றித் தளக்கல் 34,000, தண்ணீர்க் குழாயும் வடிகாலும் 21,500, வரைபடமும் அனுமதியும் 11,000, இறக்குகூலியும் உடைந்த டைல்ஸும் 8,500. சில வருடங்களுக்கு முந்தைய விலைகள் இவை. ரூபாயை விட்டுவிடுங்கள், விகிதத்தைப் பாருங்கள். பேசிய தொகைக்கு மேல் நூற்றுக்கு 42.

ஆகவே நோட்டின் இடது பக்கத்தில் கட்டடம், வலது பக்கத்தில் கட்டடத்துக்கு வெளியே உள்ளவை என்று பிரித்து எழுதுங்கள். வலது பக்கம் நிரம்பாமல் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட நாள் பார்க்க வேண்டாம்.

முதலில் அளவு

யார் வருவார்கள், எத்தனை நாள் வருவார்கள் என்று நேர்மையாக எழுதிப் பாருங்கள். வருடத்தில் 20 நாள் வரும் விருந்தாளிக்காகப் படுக்கையறை கட்டுபவர்கள் உண்டு. மீதி நாட்களில் அதில் உரமூட்டை படுத்திருக்கும். என் கருத்தில் கழிப்பறை, உடை மாற்ற ஓர் இடம், மோட்டாருக்குப் பூட்டுள்ள அறை ஆகிய மூன்றும்தான் கட்டாயம். திண்ணையை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அது மலிவு. சுவரும் கதவும் குழாயும் கூடக் கூடத்தான் பணம் கரைகிறது. நான் இன்னொரு முறை கட்டினால் மோட்டார் அறையைத் தனியாக வெளியே தள்ளியிருப்பேன். திண்ணையில் உட்கார்ந்தால் அதன் இரைச்சல்தான் பேசுகிறது.

காகிதம்

எல்லை தாண்டி வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. இங்கே வில்லேஜ் ஆபீஸ் பதிவில் உங்கள் பூமி ‘நிலம்’ என்றிருக்கிறதா, ‘புரையிடம்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் நிலம் என்றால் எந்த நிலமும்தான். கேரளப் பதிவில் அது நெல்வயல்; புரையிடம் என்பது வீடு, தோட்டத்துக்கான மேட்டு நிலம். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த இடத்தில் நினைத்தபடி கட்ட முடியாது. டேட்டா பேங்க் என்கிற நெல்வயல், தண்ணீர்த்தடப் பட்டியலில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பரப்பளவு ‘ஆர்’ கணக்கில் இருக்கும். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட்.

கரம் (நிலவரி) கட்டிய ரசீது, நிலம் உங்கள் கைவசம் இருப்பதற்கான கைவசச் சான்றிதழ், ஆதாரம் (இங்கே கிரயப் பத்திரத்துக்கு அதுதான் பெயர்), உரிமம் பெற்றவர் வரைந்த வரைபடம் ஆகியவற்றோடு பஞ்சாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள்தான் அளவுகோல். 2025 ஏப்ரலிலிருந்து கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கே-ஸ்மார்ட் என்கிற இணையச் சேவை வந்துவிட்டதால் விண்ணப்பம் இணையம் வழியாகத்தான். வரைபடத்தில் தொட்டி, கட்டடம், கிணறு, செப்டிக் டேங்க் நான்கையும் காட்டச் சொல்லுங்கள். பின்னால் ஒன்றைச் சேர்த்தால் வரைபடத்துக்கு இரண்டாம் முறை பணம். மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் இந்தப் பகுதிகளில் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது.

மண்

கேரளம் என்றதும் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் நினைவுக்கு வரும். அந்த மாநிலத்தில் கரிசல் மண் இருப்பது இந்தச் சித்தூர் வட்டாரத்தில்தான். ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். என் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் அறையின் வடமேற்கு மூலையில் ஒரு விரிசல் உண்டு. சித்திரை, வைகாசியில் அதற்குள் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்கை வாட்டில் நுழைக்கலாம். ஐப்பசி மழை இரண்டு விழுந்ததும் மயிரிழையாகிவிடும். மூன்று முறை சிமென்ட் வைத்து அடைத்தார்கள், மூன்று முறையும் அடுத்த கோடையில் திறந்தது. அந்த வீட்டுக்காரர் இப்போது அதை நாள்காட்டி போலப் பார்க்கிறார்.

நீச்சல் தொட்டிக்குப் பக்கத்தில் இது இன்னும் மோசம். தொட்டியில் கசிவு இருந்தால் கட்டடத்தின் ஒரு பக்கத்து மண் வருடம் முழுவதும் நனைந்திருக்கும், மறுபக்கம் காயும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் எந்தச் சுவர் தாங்கும்? அதனால் கட்டடத்துக்குக் கணக்கு எழுதுவதற்கு முன் தொட்டிக்கு ஒரு சோதனை செய்யுங்கள். விளிம்பு வரை நிரப்பி, சுவரில் கரிக்கோடு கிழித்து, பக்கத்திலேயே அதே அளவு நீரோடு ஒரு வாளியும் வையுங்கள். இரண்டு நாள் கழித்து வாளியைவிடத் தொட்டி அதிகமாக இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம் கசிவு. அதைச் சரி செய்யும் செலவு நோட்டின் வலது பக்கத்தில் முதல் வரி.

அடுத்து ஒரு சோதனைக் குழி. மூன்றடிக்கு மூன்றடி, ஆறடி ஆழம், இரண்டு ஆள், ஒரு நாள் கூலி. நான் குழி தோண்டச் சொன்னபோது மேஸ்திரி சிரித்தார்: ‘இந்த அறைக்கா?’ நாலடி வரை கடப்பாரை சத்தமே இல்லாமல் இறங்கியது. ஐந்தரை அடியில்தான் முதல் ‘ணங்’. சரளை. அதுவரை மேஸ்திரியின் விலையில் இருந்தது மூன்றடி அஸ்திவாரம். மீதி இரண்டரை அடிக்குத் தோண்டுகூலி, கரிசலை அப்புறப்படுத்தும் வாடகை, சரளை நிரப்பித் தண்ணீர் விட்டு இடிக்கும் கூலி எல்லாம் சேர்ந்துதான் அந்த 62,000. கரிசல் இன்னும் ஆழம் போனால் நிரப்புவதை விட்டு, அடி அகன்ற பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டு மேலே பீம் கட்டுவதுதான் வழி. அதற்குப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடம் வாங்குங்கள். குழியைக் கோடையில் தோண்டுங்கள். மழைக்காலத்தில் தோண்டினால் எல்லா மண்ணும் நல்ல மண்ணாகத்தான் தெரியும்.

கொட்டேஷனைப் படிக்கும் விதம்

பொருளோடு சேர்த்து மொத்த ஒப்பந்தம், கூலி மட்டும் என்று இரண்டு வகை. புதிதாக வந்தவருக்கு நான் சொல்வது: கட்டட வேலையைக் கூலிக்கு விடுங்கள், பொருளை நீங்கள் வாங்குங்கள். அலைச்சல்தான். ஆனால் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று தெரியும். அதற்கு மூன்று சின்னக் கணக்குகள் போதும்.

கான்கிரீட் கூரைத் தளத்துக்கு: 240 சதுர அடி, 5 அங்குலக் கனம் என்றால் சரியாக 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமென்ட். ஆக 23 மூட்டை. யாராவது 35 மூட்டை எழுதிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள்.

சுவருக்கு: 16 அங்குலம் நீளம், 8 அங்குலம் உயரம் உள்ள ஹாலோ பிளாக் என்றால் 100 சதுர அடிச் சுவருக்கு 112 கல் சுமார்; உடைசலுக்கு ஐந்தாறு கூட்டிக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல் இடத்தைக் கழிக்க மறக்க வேண்டாம், பலர் மறக்கிறார்கள்.

கம்பிக்கு: விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பி 4.74 கிலோ, 10 மி.மீ. கம்பி 7.4 கிலோ. எண்ணிக்கையை எடையோடு ஒப்பிட்டால் கடைக்காரரும் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்.

எல்லைப் பகுதியில் இதற்கு மேல் ஒரு சிக்கல்: அளவுமொழி. பொள்ளாச்சிப் பக்கம் எம்-சாண்ட் விலையை யூனிட்டுக்குச் சொல்வார்கள். யூனிட் என்றால் 100 கன அடி. இந்தப் பக்கம் அடிக்கு இவ்வளவு என்பார்கள். அந்த அடி கன அடி. குவாரியில் நேரடியாக எடுத்தால் டன் கணக்கு. ஒரு யூனிட் சுமார் நாலரை டன், நனைந்திருந்தால் இன்னும் கனக்கும். மூன்று விலைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். மலையாள மேஸ்திரி ‘வார்ப்பு’ என்பதும் நம் ஆட்கள் ‘தளம் போடுவது’ என்பதும் ஒன்றே. ஆனால் கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் பலகை வாடகை அந்த விலைக்குள் அடக்கமா என்பதை எந்த மொழியிலாவது எழுதி வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் வாங்கினால் மலிவு என்று கிளம்புவதற்கு முன் லாரி வாடகையைக் கூட்டிப் பாருங்கள். சிமென்டுக்கும் கம்பிக்கும் ஜிஎஸ்டி இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான், வரியில் லாபம் இல்லை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (லாரியோடு போகும் இணையச் சரக்குச் சீட்டு) வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. உறவினர் கொடுத்த பழைய கொட்டேஷனை வைத்துப் பேசுகிறவர்கள் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாரி வந்து நின்றதும் இறக்குகூலி. இங்கே சுமைத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டமும் நிர்ணயித்த கூலியும் உண்டு. முன்கூட்டியே பேசி, அந்தத் தொகையைக் கணக்கில் எழுதுங்கள். வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்கு வாங்கும் நோக்குகூலிக்கு 2018 மே 1 முதல் தடை. அதற்கு நோட்டில் ஒரு வரியும் ஒதுக்க வேண்டியதில்லை.

கூரையும் காற்றும்

பாலக்காட்டுக் கணவாய் வாசலில் இருக்கிறோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் காற்று வீசும். திண்ணையை மேற்கே திறந்து வைத்தால் ஆடியில் தட்டில் இருக்கும் முறுக்கு பறக்கும். தொட்டியில் விழும் சருகுக்கும் அளவில்லை. தெற்கு அல்லது வடக்குப் பார்த்து வையுங்கள்.

தகடு மலிவு, ஆனால் கம்பிச் சட்டத்தைச் சுவரைச் சுற்றி ஓடும் பெல்ட் கான்கிரீட்டோடு போல்ட் போட்டு இறுக்கும் செலவையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தில் காய்க்கும் தென்னை இருந்தால் தகட்டை மறந்துவிடுங்கள். ராத்திரி ஒரு நெற்று விழுந்தால் ஊரே எழுந்துவிடும். இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய மங்களூர் ஓடு அழகு. 100 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 150 ஓடு. ஓட்டின் விலையில் ஏமாற மாட்டீர்கள், அதைத் தாங்கும் மரச்சட்டத்தில்தான் ஏமாறுவீர்கள். கரையான் தின்ற சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் சத்தம் பொத்தென்று கேட்கும்.

தண்ணீர், கழிவு, மின்சாரம்

24 அடி, 15 அடி, 5 அடித் தொட்டி 1,800 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 51,000 லிட்டர் சுமார். வெயிலிலும் காற்றிலும் நாளுக்கு அரை சென்டிமீட்டர் இறங்கினாலே 167 லிட்டர் போகிறது. நிலத்தடி நீர் மிதமிஞ்சி உறிஞ்சப்பட்ட இடம் என்று சித்தூருக்கு நெடுநாள் பெயர் உண்டு. போர் காய்ந்தால் லாரித் தண்ணீர்தான். 12,000 லிட்டர் லாரி நாலேகால் நடை வர வேண்டும். கோடை இரண்டு மாதத் தண்ணீர்ச் செலவை முன்பே எழுதி வையுங்கள். அதைப் பார்த்துத் தொட்டியை ஓரடி குறைத்தவர்களும் உண்டு, நல்ல முடிவு.

செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டரும், வேலியிலிருந்து 1.2 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் குழாய் நீளம் கூடும், அதுவும் செலவு. வடிகட்டி கழுவிய நீரில் குளோரின் இருக்கும். அதை உறிஞ்சுகுழியிலோ கிணற்றோரமோ விடாமல் தனிக் கால்வாயில் கொண்டுபோங்கள்.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. தோட்டத்து விவசாய இணைப்பு பக்கத்திலேயே இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் இழுத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். செய்ய வேண்டாம். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அது அனுமதியற்ற பயன்பாடு, இரட்டைக் கட்டணம் போடுவார்கள். வீட்டு இணைப்பிலிருந்து எடுத்தால் ஒரு குதிரைசக்தி மோட்டார் ஆறு மணி நேரம் ஓட நாளுக்கு நாலரை யூனிட், இரண்டு மாதப் பில்லில் 270 யூனிட். வீட்டின் மொத்தம் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை விழும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவு காப்பு சுவிட்ச், தனி எர்த், தண்ணீரிலிருந்து கைக்கெட்டாத தூரத்தில் பிளக். இந்த மூன்றிலும் பேரம் கிடையாது. ஈரக்காலோடு நிற்கும் குழந்தைகள்தான் இந்த அறையை அதிகம் பயன்படுத்துவார்கள். பணம் குறைந்தால் டைல்ஸைக் குறையுங்கள்.

பணம் கொடுக்கும் வரிசை

மாசியில் அஸ்திவாரம், ஆடிக் காற்றுக்கு முன் கூரை என்று திட்டமிடுங்கள். நடுவில் வேலை நிற்கும் நாட்களையும் எண்ணுங்கள். மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படைத் திருவிழா. கொங்குப் படையை ஊரார் முறியடித்ததைக் கொண்டாடுவது. பொள்ளாச்சியிலிருந்து வந்த என் மேஸ்திரியும் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைய சென்ட்ரிங் வாடகை என் கணக்கில்.

முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அஸ்திவாரம் நிரம்பியதும், லிண்டல் (கதவு, ஜன்னல் தலைக்கட்டு) மட்டத்தில், தளம் போட்டதும், பூச்சு முடிந்ததும் என்று பிரியுங்கள். வாரக்கூலி சனிக்கிழமை மாலை, நோட்டில் கையெழுத்தோடு. இரண்டு பக்கத்தையும் கூட்டிய மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். கரிசல் என்றால் பதினைந்து சதவீதம்.

கடைசியில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். நான் 25,000 ரூபாயை ஒரு மழைக்காலம் தாண்டித் தருவதாக முதலிலேயே பேசி எழுதியிருந்தேன். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. ஐப்பசியில் இரண்டாவது மழை விழுந்த மறுநாள் வேலந்தாவளம் பஸ்ஸில் வந்து இறங்கினார். நான்கு மூலையையும் சுற்றி வந்து விரலால் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை. கழிப்பறைக் கதவு மட்டும் ஈரத்தில் ஊதி அடியில் உரசியது. பையிலிருந்து இழைப்புளியை எடுத்து ஒரு நூல் இழைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.